கொசுறு பாக்கி

அந்த வருஷம் தூத்துக்குடியில் குடைகூடக் கடையாகிவிட்டது. மழைக்கு விரித்தால், விரித்தவன் மணிக்கட்டிலிருந்து காசை எடுத்துக்கொண்டுதான் விரியும். பூங்கா பெஞ்சு உட்கார்ந்தவனை நிறுத்துப் பார்த்துக் கூலி வாங்கியது. குண்டானவர்கள் நின்றுகொண்டே காற்று வாங்கினார்கள். லிஃப்டில் ஏற ஒரு விலை, இறங்க ஒரு விலை. வீட்டு அழைப்புமணிகூட அழுத்தியவனிடம் வாங்கியது. வாங்கட்டும், அதனால் உறவுக்காரர்கள் வரத்து குறைந்தது என்று சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு வரி. முன்னெல்லாம் இணைய வலையில் ஒரு கடை திறந்து காசு வாங்க வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாகக் கணினி நிரல் எழுத வேண்டும். வாங்குகிறவன் யார், அவன் காசு எந்த பேங்கில் இருக்கிறது, சாமான் உடைந்து போயிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம். அதையெல்லாம் சில பேர் உட்கார்ந்து சுண்டக் காய்ச்சி ஒரு நிரல்தொகையாக்கினார்கள். கடைசியில் சட்டியில் மிஞ்சியது, 'ஆளைப் பார், சாமானைக் கொடு, காசை வாங்கு' என்கிற ஒரு வரி. ஜனங்கள் அதை ஒத்தவரி என்றார்கள். காசுவாய் என்று சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சில்லு விற்றது. அதை எதில் வேண்டுமானாலும் ஒட்டி ஒத்தவரியைச் சொல்லிவிட்டால் அது கடை. ஒட்டிய சாமானுக்குப் பேச்சும் வந்துவிடும்; விலை சொல்ல வேண்டுமே. ஜனங்கள் ஆளுக்கொன்று மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டார்கள்; காசு அதன் வழியாகத்தான் போகும்.

சுருக்கியவர்கள் நன்றாகவே சுருக்கியிருந்தார்கள். விற்கிறவன், வாங்குகிறவன் என்று இரண்டு பிரிவு எதற்கு என்று அதையும் தூக்கிவிட்டார்கள். ஒத்தவரிக்கு எல்லாரும் ஆள்தான். மனுஷனும் ஆள், குடையும் ஆள்.

மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்த மாடக்கண்ணு இதில் எதையும் நம்பவில்லை. தராசில் நிறுத்ததைக் கையில் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். அவரைச் சுற்றி இருந்த காய்கறிக் கடைகளெல்லாம் போய், விற்பேழைகள் வந்து நின்றன. ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி, உள்ளே குளிர்ச்சி, கதவைத் திறந்து எடுத்தால் காசு தானாகப் போய்விடும். வாயைத் திறந்தால் விலை மட்டும்தான் சொல்லும். இந்த அலமாரிகளைத் தாண்டி ஜனங்கள் மாடக்கண்ணுவிடம் வந்ததற்குக் காரணம் அவருடைய இனிமையான குணம் இல்லை. அப்படி ஒன்று அவருக்குக் கிடையாது. கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை, தக்காளி வாங்கினால் ஒரு கை மல்லித்தழை, கேட்காமலே போடுவார். கொசுறுக்காக வந்த கூட்டம் அது.

மார்க்கெட் விதிப்படி அவரும் தராசில் காசுவாய் ஒட்ட வேண்டியதாயிற்று. வினை அங்கேதான் பிடித்தது. ஒவ்வொரு கொசுறுக்கும் தராசு சிவப்பு விளக்கைப் போட்டு, "சாமான் போனது, காசு வரவில்லை, களவு," என்றது.

மார்க்கெட் மேற்பார்வை நயினார் நல்ல மனுஷன்தான். மேலிடத்துக்குப் பயந்தவர்.

"அண்ணாச்சி, தராசு தினமும் உங்க பேர்ல களவுன்னு எழுதுது. நான் என்ன செய்ய?"

"எவன்வே களவாண்டான்? என் கறிவேப்பிலையை நானே களவாண்டனா?"

"அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு நாள் கணக்காவது நேரா முடியணும். இல்லைன்னா இந்த எடத்துல விற்பேழை வந்து நிக்கும். உத்தரவு வந்துட்டு. பேசாம கொசுறை நிப்பாட்டுங்க."

"கொசுறை நிப்பாட்டினா எவன் வருவான்? நீரு வருவீரா?"

 நயினார் வீட்டிலேயே மல்லித்தழை விலைக்கு வாங்கிப் பல வருஷம் ஆகிறது.

கொசுறு கொடுத்தால் கடை போகும். கொடுக்காவிட்டால் வாடிக்கை போகும். மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பீச் ரோட்டில் ஒத்தவரியை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்துக்கு நடந்தார். அங்கே கதவு திறக்கக் காசு கேட்டது. கதவுக்கெல்லாம் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்து ஜன்னலில் நின்று கம்பியைத் தட்டினார்.

உள்ளே தமயந்தி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒத்தவரியில் யார் என்ன மாற்ற வேண்டுமென்றாலும் இவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"எம்மா, இதுக்கு நீதான் பெரியாளா?"

"பெரியாள்லாம் இல்ல அண்ணாச்சி. பாத்துக்கிடுதேன். என்ன விஷயம்?"

"கொசுறுன்னா தெரியுமா?"

"தெரியாம என்ன. எங்கம்மா காய் வாங்கினா கறிவேப்பிலையை நான்தான் சண்டை போட்டு வாங்குவேன்."

"அப்ப தெரிஞ்சே விட்டுட்டே."

தமயந்தி மெல்லுவதை நிறுத்தினாள். தொட்டுக்கொண்ட மாங்காய்த் துண்டு கன்னத்தில் ஒதுங்கியது. "சுருக்கும்போது போயிருக்கும்," என்றாள் மெதுவாக.

"போனதைத் திருப்பிக் கொண்டா. இல்லைன்னா சனிக்கிழமை என் கடையில அலமாரி நிக்கும்."

"சேத்துரலாம். ஆனா கொசுறுன்னா என்னன்னு தெளிவா சொல்லுங்க. நீங்க சொல்லுததை அப்படியே எழுதணும்."

மாடக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்ன கொடுத்தாலும் அதுக்கு மேல கொசுறு உண்டு. கொடுத்ததைவிடக் கொசுறு கூடப்படாது. கொசுறு கொடுத்து முடிச்சாத்தான் யாவாரம் முடிஞ்சது, அப்பதான் காசு கை மாறணும். அம்புட்டுதான்."

"சரி. ஒரு தடவை மட்டும்னு போட்டுக்கிடுதேன்."

"எதுக்கு?"

"ஒரு அளவு வேணும்லா?"

மாடக்கண்ணுவின் கண் சுருங்கியது. "இப்ப அளவுன்னு போடுவே. நாளைக்கு நிபந்தனைன்னு போடுவே. அப்புறம் அதைப் பொடி எழுத்துல கீழே தள்ளுவே. பொடி எழுத்தால நான் பட்டது போதும். ஒண்ணும் போடாதே. நான் சொன்னது மட்டும்தான் இருக்கணும்."

"அது இல்ல அண்ணாச்சி, தடவைன்னு ஒண்ணு இல்லேன்னா..."

"இந்தா, இழுக்கே பாரு. இழுக்கும்போதே தெரியுது, என்னமோ வச்சிருக்கே."

நிபந்தனை குறையக் குறைய அழகு என்பதுதான் ஒத்தவரிக்காரர்களின் வேதம். தயிர்சாதமும் காய்ந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலைக்கு என்ன பெரிய அளவு என்று தமயந்திக்குத் தோன்றியிருக்க வேண்டும். விரலை நக்கிவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்குள் ஏற்றினாள். மாடக்கண்ணு அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'ஆனால்' இல்லை, 'வரை' இல்லை, 'உட்பட்டு' இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை யாரும் ஏமாற்றவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் முதல் போணி பரிபூரணம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவர். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். அன்றைக்குக் கத்தரிக்காய் வாங்கினார். மாடக்கண்ணு கறிவேப்பிலைக் கொத்தைப் போட்டார். விளக்கு பச்சையாக எரிந்தது.

"கொசுறு வரவு," என்றது தராசு. மாடக்கண்ணு மீசையைத் தடவிக்கொண்டார்.

"கொசுறு பாக்கி," என்றது தராசு.

"குடுத்தாச்சே."

"கறிவேப்பிலை கொடுத்தீர்கள். என்ன கொடுத்தாலும் கொசுறு உண்டு."

மாடக்கண்ணு விழித்தார். டீச்சர் கூடையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். மாடக்கண்ணு ஒரு பச்சைமிளகாய் போட்டார். அது கறிவேப்பிலையைவிடக் கனம், கூடாது என்றது தராசு. மிளகாயை எடுத்துவிட்டு ஒரு இணுக்கு மல்லி. அதற்குக் கொசுறு ஒரு இலை. அதற்குக் கிள்ளிய பாதி இலை. பக்கத்து மளிகையில் ஓடிப்போய் ஒரு கடுகு வாங்கி வந்து போட்டார். அதற்கும் பாக்கி.

"கடுகுக்குக் கீழ நான் என்னத்தைக் குடுப்பேன்? என் உசிரையா?"

"ஒரு வார்த்தை சொல்லுமே," என்றார் டீச்சர். "அதுக்கு எடை கிடையாது."

"என்னத்தைச் சொல்ல? கத்தரிக்காயை இப்படி உருட்டி உருட்டிப் பாத்தா அது கூச்சத்துலயே வெந்துரும். போயி உலையை வைங்க."

"கொசுறு வரவு," என்றது தராசு. "எடை இல்லை. கொடுத்ததைவிடக் கூடவில்லை. கொசுறு பாக்கி."

வார்த்தைக்கு எடை இல்லை. அடுத்த வார்த்தைக்கும் இல்லை. இல்லாததைவிட இல்லாதது கூடுமா? கூடாது. அதனால் பாக்கி தீராது. தீராதவரை வியாபாரம் முடியாது. முடியாதவரை காசு நகராது.

இதோடு போயிற்றா? டீச்சரின் மணிக்கட்டும் பேச ஆரம்பித்தது. அவர் காசு கொடுக்கிறாரே, அதுவும் கொடுப்பதுதானே. ஒத்தவரிக்கு எல்லாரும் ஆள். "கொசுறு பாக்கி," என்றது மணிக்கட்டு.

டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "என் மருமகன் எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த கதையை உமக்குச் சொல்லலையே," என்று தொடங்கினார். "வந்தவரு வீடு மாறிப் போயிட்டாரு. அந்த வீட்டுக்காரங்களும் யாரோ மாப்பிள்ளையை எதிர்பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. இவரு போயி உக்காந்து பஜ்ஜி அம்புட்டையும் தின்னுட்டாரு. அந்த வீட்லயும் ஒரு பொண்ணு இருந்துச்சு, பாத்துக்கிடும்..."

"எனக்கு எதுக்கு இந்த எளவு?" என்றார் மாடக்கண்ணு. ஆனால் தக்காளி கேட்டு வந்த ஆளைக் கையைக் காட்டி நிறுத்தி வைத்தார்.

மத்தியானத்துக்குள் ஊரே இப்படி ஆகிவிட்டது. குடை விரிந்துவிட்டு, நேற்று தன்னைப் பிடித்தவர் யாருடைய வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார் என்று சொன்னது. பெஞ்சு, எடையைப் பற்றித் தான் சொன்னதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று குண்டானவர்களிடம் வருத்தம் தெரிவித்தது. லிஃப்டில் ஏறியவர்கள், அது சொல்கிற கதை முடியவில்லை என்று, மாடி வந்தும் இறங்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி, கொசுறாகக் கடற்கரைவரை போய் நின்று, அதற்குக் கொசுறாக ஹாரன் அடித்து ஒரு மெட்டு வாசித்தது. காசு எங்கேயும் நகரவில்லை. எல்லாருடைய காசும் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் காசு வரவில்லை, யாருக்கும் காசு போகவுமில்லை. அதனால் முறையிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அழைப்புமணி கதை சொல்கிறது என்று உறவுக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள்.

மாடக்கண்ணு மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையாகிவிட்டது. ஒரு கணக்கும் முடியவில்லை. சிவப்பு விளக்கு போய் இப்போது மஞ்சள் விளக்கு, எந்நேரமும் எரிந்துகொண்டு.

தமயந்தி மார்க்கெட்டுக்கு நடந்தே வந்தாள். பஸ்ஸில் ஏறினால் கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

"தடவைன்னு போடுதேன்னு அப்பவே சொன்னேன்லா?"

"சொன்னே. சொல்லுத தோரணை சரியில்ல. அதான் நம்பல."

"சரி, நடந்தது நடந்துட்டு. முழுசா எடுத்துரலாம்னா பாதியில நிக்குற காசெல்லாம் குழம்பிரும். அதனால ஒண்ணு சேத்திருக்கேன். வாங்குத ஆளு தன் வாயால 'போதும்'னு சொல்லிட்டா அந்தக் கொசுறு முடிஞ்சிரும். யாவாரமும் முடிஞ்சிரும். கணக்கு நேராயிரும்."

"இது நிபந்தனை இல்லையா?"

"நிபந்தனைதான். வேண்டாமா?"

மாடக்கண்ணு அந்தப் பக்கம் நின்ற நயினாரைப் பார்த்தார். மஞ்சள் விளக்கைப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து அவர் ஒரு வார்த்தைக்காக ஏங்கினார். காய் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். "போதும்னு சொல்லிட்டுப் போயேன்," என்றார். யாரும் சொல்லவில்லை. கொசுறு வாங்கிய கை என்றைக்காவது போதும் என்று மடங்கியிருக்கிறதா? நயமாகக் கேட்டுப் பலிக்காததால், திட்டினால் 'போதும்' என்று சொல்லி ஓடிப்போவார்கள் என்று திட்ட ஆரம்பித்தார்.

"வே, பூசணிக்காயைத் தட்டிப் பாக்கீரே, உள்ளே இருந்து எவனும் யாருன்னு கேக்கப் போறானா? முருங்கைக்காயை வளைச்சுப் பாக்கீரே, அது என்ன போலீஸ் வேலைக்கா வந்திருக்கு? இந்த நேரம் வீட்டுக்குப் போயிருந்தீர்னா பொண்டாட்டி வாயால திட்டு வாங்கியிருக்கலாம். என்கிட்ட வந்து வாங்குதீரு, அதுவும் இனாமா."

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் சொல்லி ஆள் கூட்டி வந்தார்கள். மாடக்கண்ணுவிடம் திட்டு வாங்க வரிசை மளிகைக் கடையைத் தாண்டி நின்றது. வாங்கியவர்கள் தங்கள் பங்குக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள், அவர்கள் மணிக்கட்டும் பாக்கி கேட்டதே. மாமியார் கதை, தொலைந்துபோன சைக்கிள் கதை, கப்பலில் போனவன் கதை. மாடக்கண்ணு எல்லாரையும், "சுருக்கா சொல்லித் தொலையும்," என்றார். ஆனாலும், வலது காது கொஞ்சம் மந்தம் என்று இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு லாரி மார்க்கெட் வாசலில் வந்து நின்றது. மேலே புத்தம்புதிய விற்பேழை. நயினார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருடைய கடையே காலியாவது மாதிரி இருந்தது.

"ஆறு ஆகப் போகுது அண்ணாச்சி. ஒரு நாள் கணக்காவது முடிஞ்சிருந்தா நான் எழுதிருவேன்."

"முடியலையேவே. இந்தக் கூட்டத்துல ஒரு நாயும் போதும்னு சொல்ல மாட்டேங்கு." மாடக்கண்ணு கடையில் தொங்கிய கறிவேப்பிலைக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நானே வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கிட்டேன்."

தமயந்தியும் வந்திருந்தாள். தராசைக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சிரிக்கே? என் பொழப்பு போகுது."

"அண்ணாச்சி, காசு வாங்குத ஆளு யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களும் வாங்குத ஆளுதானே. ஒத்தவரியில ரெண்டு ஜாதி கிடையாது. அவங்க காசுக்குக் கொசுறா அவங்க கதை சொல்லுதாங்க, நீங்க கேட்டுக்கிட்டிருக்கீங்க. நீங்க 'போதும்'னு சொன்னாலும் எல்லாம் முடிஞ்சிரும். நேத்துல இருந்தே சொல்லியிருக்கலாம்."

வரிசையில் எல்லாரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மஞ்சள் விளக்கு பச்சையாகும், காசு வந்துவிடும், கணக்கு நேராகிவிடும், கடை நிற்கும்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் நயினார். "நிமிஷம்தான் இருக்கு."

மாடக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். வரிசையின் முன்னால் பரிபூரணம் டீச்சர் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். பஜ்ஜி தின்று முடித்த மருமகனை அந்த வேற்று வீட்டில் அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்தவர்.

மாடக்கண்ணு வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"டீச்சர்," என்றார். "அந்த வீட்லயும் ஒரு பொண்ணு இருந்துச்சுன்னீங்களே. அப்புறம்?"

மணிக்கூண்டு ஆறு அடித்தது. அடித்ததற்குக் கொசுறாக இன்னொரு தரமும் அடித்தது.

நயினார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு லாரிப் பக்கம் திரும்பினார். "சரிப்பா, நேரம் ஆயிட்டு. எறங்கு," என்றார் விற்பேழையிடம்.

விற்பேழை அசையவில்லை. உள்விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றது. "வாடகைக்குக் கொசுறாக லாரி கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. எட்டயபுரம் விலக்கு ரோட்டில் ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்ததாம். அதில் ஒரு ஆடு மட்டும் நகர மாட்டேன் என்றதாம். இன்னும் முடியவில்லை."

"நீதானே வாடகைக்குப் பிடிச்ச ஆளு? போதும்னு சொல்லிட்டு எறங்கு."

விற்பேழை சற்று யோசித்தது. "ஆடு என்ன ஆயிற்று என்று இன்னும் சொல்லவில்லையே," என்றது.

நயினார் கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கடையைப் பார்த்தார். பிறகு வெங்காய மூட்டைமேல் தூசியைத் தட்டிவிட்டு, தமயந்திக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர்," என்றார், "நான் ஆரம்பத்துல இல்ல. முதல்ல இருந்து சொல்லுங்க."